சாமுவேல் எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை

சாமுவேல் "உம்" என்று சொன்னது உண்மைதான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சாமுவேலின் "உம்"மை நம்பி ஒரு காரியத்தில் இறங்கலாமா என்பது வேறு கேள்வி. மனிதர் பாதி நேரம் இந்த உலகத்தில் இருப்பதில்லை என்பது அந்தக் காலனியில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தால் தூக்கம். குருவி ஓட்டப் பரண் மேல் ஏறினால் தூக்கம். சபையில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் "மாடு வாங்கட்டுமா" என்று கேட்டாலும் "உம்" வரும், "மாட்டை விற்கட்டுமா" என்று கேட்டாலும் அதே "உம்" வரும்.

ஷீபாவுக்கு இது தெரியாததல்ல. பத்து வருடமாக அந்த வீட்டு மருமகள் அவள். அவள் புருஷன், சாமுவேலின் மகன் ஜான், வாலாஜாபாத் கூட்டுரோட்டில் லாரி மோதிச் செத்து மூன்று வருடம் ஆகிறது. சாமுவேலின் மனைவி அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். ஆகவே வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். ஷீபா விடியற்காலையில் ஒரகடத்துக் கம்பெனி வேனில் ஏறிப் போவாள், பொழுது சாயத் திரும்புவாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருவர் சாப்பிடாமல் இன்னொருவர் சாப்பிட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை ஷீபா கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். சொல்லக் கூச்சமான விஷயம். மாமனார் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை. கீரையைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் மேலே இருந்து "உம்" என்று வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாமுவேலுக்கு அது கனவு. கனவில் ஏரிக்கரை மேல் ஒரு வேன் சத்தமில்லாமல் போனது. ஷீபா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போய்ட்டு வரேன் மாமா" என்றாள். இவரும் "உம்" என்றார். பிறகு வேன் போன இடத்தில் கொக்குகள் இறங்கின. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

மறுநாள் சபையில் ஓலை படித்தார்கள்.

கல்யாணம் என்றால் அங்கே மூன்று ஞாயிறு ஓலை படிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர் யாராவது இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று பாஸ்டர் படிப்பார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சபை கட்டிய நாள் முதல் அந்த இடைவெளியில் ஒருவரும் எழுந்ததில்லை. மற்றவர் கல்யாணத்தில் குற்றம் கண்டுபிடிக்கும் வாய்கள் அங்கே ஏராளம். ஆனால் அவை எல்லாம் வெளியே புளியமரத்தடியில் திறக்கும் வாய்கள். எழுந்து சொல் என்று கேட்டுவிட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். எனக்கு அந்த வாய்களைக் கண்டால் ஆகாது. அது போகட்டும்.

"காலஞ்சென்ற ஜானின் மனைவி ஷீபாவுக்கும், திருப்புலிவனம் ஆல்பர்ட்டுக்கும்" என்று பாஸ்டர் படித்ததும், சபையில் இருந்த அத்தனை கழுத்தும் ஆண்கள் பக்கம் திரும்பியது. அங்கே சுவரோரமாக ஜானின் தகப்பன் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். "இது முதல் தரம்" என்று பாஸ்டர் முடித்தார்.

ஆராதனை முடிந்து சாமுவேல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தங்கச்சி சோபியா வந்து கையைப் பிடித்தாள். சோபியாவுக்கு அண்ணன் என்றால் உயிர். அந்த உயிரை வாங்குவதும் அவள்தான்.

"இன்னாண்ணா நெனச்சிக்கினு கீற? நீ சம்மதம்னு சொன்னியாமே. ஊரே என்னிய கேக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"இன்னாத்துக்கு சம்மதம்?"

"ஷீபா கல்யாணத்துக்கு. அந்த கம்பெனி வேன் ஓட்றவன் ஆல்பர்ட்டு கூட."

சாமுவேல் சிரித்தார். "போ சோபி. அது நா நேத்து கண்ட கனா." சொல்லும்போதே சிரிப்பு பாதியில் நின்றது. கொக்குகள்தான் கனவு, மற்றதெல்லாம் நடந்தது என்று மெல்லப் புரிந்தது. இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் ஷீபா சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். அவர் தட்டைப் பார்த்தபடி, "ஓல படிச்சாங்களாமே" என்றார்.

"நேத்து சொன்னேனே மாமா. நீ உம்னியே."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மூன்று வருடமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று. அதைப் பார்த்துவிட்டு, நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "ஆமா, சொன்ன" என்றார் சாமுவேல்.

அவருக்கு ஆல்பர்ட் மேல் கோபம் இல்லை. ஷீபா மேலும் இல்லை. அவருக்குப் பயம், அதுதான் உண்மை. தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டுமே என்ற பயம் கொஞ்சம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் ஜான் எப்படி இருமுவான், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், ரசத்தை எப்படி உறிஞ்சுவான் என்றெல்லாம் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தி போய்விட்டால் மிச்சம் இவர் ஒருவர்தான். இவரும் பாதி நேரம் தூங்குகிறவர்.

அந்த வாரம் முழுக்க அவர் முதலாளி ராஜாராமின் வயலில் குருவி ஓட்டினார். பொங்கல் முடிந்து சம்பாக் கதிர் முற்றி வளைந்து நிற்கும் காலம். நான்கு கழி நட்டு, மேலே தென்னங்கீற்று போட்ட பரண். கையில் ஒரு தகர டப்பா. குருவிக் கூட்டம் இறங்கினால் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம். காலையில் ஏரியிலிருந்து பனி எழுந்து வரப்புகளையெல்லாம் மூடிவிடும். பரணுக்குக் கீழே உலகமே இருக்காது. வேடந்தாங்கல் பக்கமிருந்து பறவைகள் தலைக்கு மேலே போகும். பறவை தெரியாது, சிறகுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தப் பனியில்தான் ஜான் வருவான். தினமும் வருவான் என்றில்லை. வந்தால் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு வரப்பு மேல் நடப்பான். உயிரோடிருந்தபோதும் அப்படித்தான், ஒரு இடத்தில் நின்று பல் துலக்கத் தெரியாது அவனுக்கு. பேச மாட்டான். பரணைத் தாண்டிப் போய் மறைந்துவிடுவான். சாமுவேல் டப்பாவைத் தட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார். பனி விலகும்போது குருவிகள் பாதி வயலில் மேய்ந்துகொண்டிருக்கும். இது கனவு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? சிலருக்குக் கனவில்தான் வீடு நிறைகிறது.

சோபியா விடவில்லை. கூழ்ச் சட்டியை எடுத்துக்கொண்டு பரணுக்கே வந்துவிட்டாள்.

"தூக்கத்துல சொன்ன சம்மதம் செல்லாதுண்ணா. நீ எயுந்து தடன்னு சொன்னா பாஸ்டரு நிறுத்தித்தான் ஆவணும். ரெண்டு தரம் பாக்கி கீது. லெந்து நோம்பு வந்துட்ச்சின்னா அப்பறம் கல்யாணம் கெடையாது, தானா ஆறிப்பூடும்."

"இன்னான்னு சொல்றது?"

"எதுனா சொல்லு. அவன் அவள விட ரெண்டு வயசு சின்னவன். போதாது?"

"அது தடையா சோபி?"

"உனுக்கு யாரு கஞ்சி ஊத்துவாங்க? அது தட இல்லியா?" என்றவள் சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு நிஜமாகவே அண்ணன் பட்டினி கிடப்பதுபோல் தோன்றிவிட்டது. கூழை ஊற்றி, அவர் குடித்து முடிக்கும்வரை கீழே நின்றிருந்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஞாயிறு சாமுவேல் தூங்கவில்லை. ஓலை படிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தார். பாஸ்டர் தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். எதிர்ப்பக்கம் பாயில் சோபியா கண்ணாலேயே எழு எழு என்றாள். சாமுவேலின் முழங்கால் ஒரு தரம் அசைந்தது. எழுந்தால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே! அவரிடம் இருந்ததெல்லாம் ஆசை மட்டும்தான். "இரண்டாம் தரம்" என்று பாஸ்டர் முடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வயலைப் பார்க்க ராஜாராம் வந்தார். பரணுக்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டு, கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"இன்னா சாமுவேலு, மருமவ கல்யாணம் பண்ணிக்குதாமே. நீ எப்டி ஒத்துக்கின? எங்க வூட்ல எல்லாம் இத்த நெனச்சிகூட பாக்க முடியாது. வாணாம்னு சொல்லி வைக்கறது இல்லியா?"

சாமுவேலுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அது எங்க வூட்டு வெசயம் மொதலாளி. அந்தப் பொண்ணுக்கு எது வோணும்னு அதுக்குத் தெரியும். நீங்க நெல்ல பாருங்க."

ராஜாராம் ஒரு நிமிடம் அசந்து போனார். இருபது வருடத்தில் சாமுவேல் அவரிடம் இத்தனை நீளமாகப் பேசியதில்லை. "கேட்டேன்பா, கோச்சுக்காத" என்று பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

பைக் சத்தம் அடங்கிய பிறகு சாமுவேலுக்கே வெட்கமாக இருந்தது. ராஜாராம் கேட்டதும் ஷீபாவுக்காகச் சண்டைக்கு நின்ற அதே ஆள், உள்ளுக்குள் ராஜாராம் நினைத்ததைத்தானே நினைத்துக்கொண்டிருந்தான்? அன்று வெயில் ஏறும்வரை அவர் டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தார், குருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆனால் வெட்கம் வேறு, ஆசை வேறு. சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருப்புலிவனம் போனார். வைக்கோல் விலை விசாரிக்கப் போவதாக ஷீபாவிடம் சொன்னார். அவரிடம் மாடே கிடையாது. ஷீபா ஒன்றும் கேட்கவில்லை.

கோயில் பக்கத்து டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். கோபுரத்துக்கு மேலே புறாக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. டீ ஆறிக்கொண்டிருந்தது. கண் செருகும் நேரத்தில், தெருமுனையில் ஆல்பர்ட் வந்தான். லுங்கி கட்டி, தோள் மேல் ஒரு பெண் குழந்தையை உட்கார்த்தி வைத்திருந்தான். குழந்தை அவன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டு வந்தது.

"அந்தாண்ட போ நைனா. அந்தாண்ட, அந்தாண்ட."

சாமுவேலின் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஆல்பர்ட் அவரைக் கவனிக்காமல் எதிர்க்கடையில் குழந்தைக்கு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனான்.

"யாரு கொயந்த அது?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"ஆல்பர்ட்டு பொண்ணுதான். பெத்தவ வேற ஒருத்தன் கூட போயி ரெண்டு வருசமாவுது. கோயில்ல வெச்சி கட்டின கல்யாணம் இல்ல, சொம்மா சேந்து இருந்தாங்க. பாவம், கொயந்தய இவன்தான் பாத்துக்கினு கீறான்."

டீயைக் குடிக்காமலேயே எழுந்து சைக்கிளை மிதித்தார். அந்த வழியில் இத்தனை வருடமாக எத்தனையோ முறை போயிருக்கிறார். அன்றைக்குத்தான் எல்லாமே கண்ணில் பட்டன. பனங்கன்றுகள், மதகின் மேல் காயும் வலை, அறுத்த வயலில் வாத்துக் கூட்டம், எல்லாம் துலக்கிவைத்த பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தன. நாளைக்குச் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தட கீது பாஸ்டர் ஐயா. அவனுக்குக் கொயந்த கீது. வெறும் பொறாமை இல்லை, வயசு வித்தியாசம் இல்லை. நிஜமான தடை. மனிதருக்கு உள்ளங்கால் வரை சந்தோஷம்.

காலனி முனையிலேயே சோபியா நின்றிருந்தாள். அண்ணன் எங்கே போனார் என்று மோப்பம் பிடித்துவிட்டாள்.

"இன்னாண்ணா, எதுனா கெடச்சிதா?"

கிடைத்ததா! வலை போட்டுவிட்டு வந்தவனிடம் கேட்பதுபோலக் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அவர் போனதும் அதற்குத்தான். ஆனால் அந்தக் குழந்தை ஆல்பர்ட்டின் காதைப் பிடித்துக்கொண்டு ஓட்டி வந்தது அப்போது ஏனோ கண் முன்னால் வந்தது. அதையா பிடித்து இவள் கையில் கொடுப்பது?

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஷீபாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் கூடாது என்று நினைத்தார். அவள் அடுப்படியில் கெண்டை மீனை உப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது.

"யம்மா, நா ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்காத. ஆல்பர்ட்டுக்கு ஒரு பொண்ணு கொயந்த கீது."

ஷீபாவின் கை நிற்கவில்லை. "தெரியும் மாமா. அஞ்சு வயசு. பாஸ்டர் ஐயாக்கும் தெரியும். ஓல படிக்கறதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் போயி சொல்லிட்டோம்."

"தெரிஞ்சா ஒத்துக்கின?"

"தெரிஞ்சிதான்."

"கஷ்டம்மா. இன்னொருத்தி பெத்தது."

"கஷ்டமாத்தான் இருக்கும். மொத தபா நா போனப்ப, என்னிய பாத்துட்டு கட்டில் கீய பூந்துக்கிச்சி. நா கெளம்பற வரிக்கும் வெளிய வரவே இல்ல." ஷீபா சிரித்தாள். "ரெண்டாந்தபா ரெண்டு கால மட்டும் வெளிய நீட்டிக்கினு இருந்துச்சி."

சாமுவேல் வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் ஏதோ ஒரு பாரத்தைத் தூக்கி வந்து இறக்க இடம் கேட்பவர்போல் இருந்தார். ஷீபா கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் குந்தினாள். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கிட்ட சொன்ன பாரு, அது சரி மாமா. எனுக்குத் தெரியாம இருந்து, நீ மறச்சிருந்தா நா உன்ன மன்னிச்சிருக்க மாட்டேன். இப்ப எனுக்குத் தெரியும்னு உனுக்கும் தெரிஞ்சிபூட்ச்சி. இதுக்கு மேல அது என் பாடு."

"உம்" என்று சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டா? வைக்கோல் வாங்கவா போன நீ? அந்தக் கொயந்தய பாத்தப்ப, உனுக்கு சந்தோசமா இருந்துச்சா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. பொய் சொல்லியிருக்கலாம். சாமுவேல் நிலத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"உம்" என்றார். இந்த "உம்" கண் திறந்து சொன்ன "உம்".

ஷீபா ஈரக் கையை முந்தானை நுனியில் துடைத்தாள். பிறகு, "நீ ஒண்டியா இருப்பியேன்னுதான் ஆறு மாசமா அவருக்கு பதில் சொல்லாம இருந்தேன். இதுக்கு மேல முடியல மாமா. அந்தக் கட்டில்ல ராத்திரி முய்க்க செவுத்த பாத்துக்கினு படுக்க முடியல" என்றாள். எழுந்து போய் மீனைக் குழம்பில் போட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பு கூடியிருந்தது, இருவரும் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு. சாமுவேல் ஒரு முடிவோடுதான் சபைக்குப் போனார். எழக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. ஓலை முடிகிறவரை சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட வேண்டும். ஆனால் முந்தின இரவு அவர் கண்ணை மூடவில்லை. தூங்கியே பழகின உடம்பு அதை மன்னிக்குமா? பாட்டு முடிந்தது. சன்னல் வழியாக வெயில் பாயில் விழுந்தது. பாஸ்டரின் குரல் தூரமாகப் போயிற்று.

பனி மூடியிருந்தது. வரப்பு மேல் சாமுவேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒற்றை ஆள் நடக்கிற வரப்பு, இரண்டு பக்கமும் தண்ணீர். ஜான் வந்தான், வாயில் வேப்பங்குச்சியோடு. ஆனால் இன்றைக்குத் தாண்டிப் போகவில்லை. பக்கத்தில் நின்று குச்சியை வாயிலிருந்து எடுத்தான். அவனுக்குப் பின்னால் பனிக்குள் யாரோ நிற்கிறார்கள், போக வழியில்லாமல் நிற்கிறார்கள்.

"எயுந்திரு நைனா" என்றான் ஜான். செத்த பிறகு அவன் பேசியது அதுதான் முதல் தடவை. "வயிய மறிச்சிக்கினு குந்தினு கீற பாரு."

சாமுவேல் எழுந்தார்.

எழுந்து கண்ணைத் திறந்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சபை முழுவதும் அவரைப் பார்த்தது. பாஸ்டர் ஓலையைக் கையில் பிடித்தபடி நின்றார். தடை உண்டா என்று அப்போதுதான் கேட்டிருந்தார். வழி விடுவதற்காக எழுந்த மனிதரை, தடை சொல்ல எழுந்தவர் என்று அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள்.

"சாமுவேல் அண்ணே" என்றார் பாஸ்டர் மெதுவாக. "இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?"

சோபியா கண்கள் பளபளக்கத் தலையை ஆட்டினாள். அவளுக்கு இரண்டு பாய் தள்ளி ஷீபா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மாமா இப்படிச் செய்வார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. செய்துவிடுவார் என்று இப்போது நம்புகிறாள். அது அவருக்குத் தெரிந்தது.

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள், பாஸ்டரும் சிரித்திருப்பார், காரியம் முடிந்திருக்கும். சாமுவேலுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் வாழ்க்கை முழுக்கத் தூக்கத்தின் பின்னால் ஒளிந்தது போதும் என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது.

"தட ஒண்ணும் எனுக்குத் தெரியாது பாஸ்டர் ஐயா" என்றார். "பையன் நல்ல பையன். கொயந்த மேல உசுரா கீறான், நானே பாத்தேன். பொண்ணு எல்லாம் தெரிஞ்சிதான் போவுது."

பாஸ்டர் நிம்மதியாக மூச்சு விட்டு ஓலையைத் தூக்கினார். சாமுவேல் உட்காரவில்லை.

"ஆனா எனுக்கு நோவுது. ரெண்டு வாரமா நோவுது. அது தடையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் சின்ன வயது. செமினரியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கையில் இருந்த ஓலையை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார், அங்கே எங்காவது எழுதியிருக்குமோ என்பதுபோல.

"இல்லண்ணே" என்றார். "அது தடையில சேராது."

"அப்ப மேல படிங்க."

சொல்லிவிட்டார், ஆனால் முழங்கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோபியா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். பாஸ்டர் படிக்க வாயெடுத்தபோது பெண்கள் பக்கம் ஒரு அசைவு. ஓலை படிக்கும்போது கல்யாணப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். ஷீபா எழுந்து நின்றாள். பாஸ்டரைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த அத்தனை தலைகளுக்கும் மேலே மாமனாரைப் பார்த்தாள்.

"எனுக்கும் நோவுது மாமா" என்றாள். "நோவாமலா போறேன்?"

அவர்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டிருக்க, இது மூன்றாம் தரம் என்று பாஸ்டர் படித்து முடித்தார்.